வெண்டி என்று நினைத்த செடி

ரெஜினோல்ட்,

சோறும் மீன்குழம்பும் ஃபிரிட்ஜில். சூடாக்கிச் சாப்பிடு.

பின்வளவுத் தொட்டிகளில் நிற்பது உன் அக்கா சாகுமுன் விதைத்த வெண்டி என்றுதான் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். நேற்று பக்கத்து வீட்டு மெற்றில்டா அன்ரி வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தா. "இது வெண்டியில்லைத் தம்பி, கஞ்சா. நீர் கம்பும் நட்டெல்லோ கட்டியிருக்கிறீர்."

உன் வேலைதான் என்று விளங்கியது. சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

நாளை வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சில்காரன் பழுதான ஜன்னல் பார்க்க வருகிறான். உன் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் கண்டு பொலிசுக்குச் சொன்னால் உன்னை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கே பிடுங்கிவிடு. நீயும் போனால் இந்த வீட்டில் நான் யாருக்குச் சமைப்பது?

அத்தான்

தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதே. அவள் போட்ட வெண்டி விதை அடியில் கிடக்கலாம்.