செவலையின் இடக்கண்

அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கி வைத்திருக்கிறேன், ஆற வேண்டும். பக்கத்து வீட்டு நாய்க்குக் கடலைச் செடித் தூசி பட்டுக் கண் சிவந்து நீர் வடிகிறது. அந்த வீட்டுக்காரர் வாய் நிறையப் புகையிலையை மென்றபடி அதன் தலையைப் பிடித்திருந்தார். கண்ணில் துப்பாதே என்று அதட்டிவிட்டு நாயை இங்கே இழுத்துவந்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா, சொல். நீ போய் இரண்டு வருடமாகிறது. கை கால் ஓய்ந்துபோய்க் கிடக்கிறேன்.

நம் செவலைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ராஜாவின் சமஸ்தான ஆட்சி போய் நாலைந்து வருடம் இருக்கும். குடுமியான்மலைப் பக்கத்துப் புஞ்சையில் வரகு தூற்றும்போது காற்று போகிற பக்கம் படுத்திருந்தது, கண்ணெல்லாம் தூசி. என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஆவூரிலிருந்து நீ மடியில் குட்டியாய்க் கொண்டுவந்த நாய் அது. பிள்ளையில்லாத வீட்டில் அதைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைப்பாய்.

நான்தான் அப்போது பெரிய வைத்தியன் ஆயிற்றே! மாட்டுக்குக் கண்ணில் நீர் வடிந்தால் வெற்றிலையும் புகையிலையும் மென்று துப்ப ஊரே என்னைக் கூப்பிடும். மாட்டுக்குச் செய்வதை நாய்க்குச் செய்தால் என்ன என்று, நீ தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் இடக்கண்ணில் துப்பினேன். அது கத்திய கத்தலில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாய். வலக்கண்ணுக்கு நான் வாயைக் குவித்தபோது குறுக்கே நின்றாய்.

"அது கண்ணுங்க. எச்சித் துப்புற படிக்கமில்ல."

அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினாய். மறுநாள் இமை வீங்கித் திறக்கவேயில்லை. நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட, வண்டி கட்டிக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். புகையிலைச் சாறு கண்ணைப் புண்ணாக்கிவிட்டது, முதலிலேயே சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு இங்கே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் உன் பாடுதான். டாக்டர் கொடுத்த களிம்பைப் போடுமுன் கையைக் கழுவுவாய். கொதித்து ஆறிய நீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து, காய்ந்த பீளை ஊறும்வரை மூடிய கண்மேல் வைத்திருப்பாய். பிறகு மூக்கோரத்திலிருந்து வெளியே மெதுவாக ஒரு துடைப்பு, அவ்வளவுதான், தேய்க்க மாட்டாய். ஒரு கண்ணைத் தொட்ட துணி மறு கண்ணுக்கு ஆகாது. தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு என்று வந்தவர்களை வாசலோடு அனுப்பினாய். காலால் சொறிந்துவிடும் என்று அதைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கினாய். நான் கிட்டே வந்தால் உன் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

வலக்கண் பிழைத்தது. இடக்கண் வெள்ளை விழுந்து போயிற்று. நான் புகையிலையைத் தலை முழுகினேன். அடுத்த மழைக்குள் செவலை பழையபடி என் காலடியில் வந்து படுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது மன்னிச்சிருச்சுங்க. எனக்குத்தான் இன்னும் மனசு ஆகல," என்றாய், உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே.

பிறகு எத்தனையோ வருடம், எந்தச் சண்டையிலும் நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். நீ படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில், இப்போதாவது உனக்கு மனசு ஆகிவிட்டதா என்று கேட்க மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும், கஞ்சி வேண்டுமா என்றுதான் கேட்டேன்.