அன்னார் ஒட்டகத்தில் போனவர் அல்லர்

அண்ணை,

மேசைக்குக் கீழே கிடக்கும் அட்டைப்பெட்டியைத் திறந்தால் அச்சு மை மணக்கிறது. உள்ளே இருப்பவை உங்கள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் மிஞ்சிய பிரதிகள். முப்பத்தோராம் நாள் சடங்கன்று கொலோன் நகர மண்டபத்தில் சாப்பிட வந்தவர்களுக்குக் கொடுத்தும் தீரவில்லை. முன்பக்கத்தில் உங்கள் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் குடும்பத்தாரின் நன்றி. நம்மவர்கள் அடிக்கும் எல்லாக் கல்வெட்டும் போலத்தான். வரலாறு மட்டும் உங்களுடையது இல்லை.

அந்தப் பிழையைச் செய்தவள் நான். நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. காலையில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறேன், சமையலறையில் சூப் ஊற்றுகிறேன், வந்து படுக்கிறேன். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் கன்னத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல இடையிடையே உங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

பதினொரு வருடச் சனிக்கிழமைகள், அண்ணை. தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் அந்த ஜெர்மன் பள்ளியின் உணவறையில் என் மகளுக்காக நானும் உங்கள் பேத்திக்காக நீங்களும் காத்திருப்போம். முதல் நாள் நீங்களாகவே வந்து கேட்டீர்கள். "பிள்ளை, நீங்கள் கெதியாய்த் தமிழ் தட்டுவீங்களாம். ஒரு வெள்ளைக்காரன்ரை கதை எழுதிறன். என்ரை கையெழுத்து எனக்கே விளங்குதில்லை." நான் மடிக்கணினியைத் திறந்தேன். நீங்கள் தேநீரை ஆறவிட்டுச் சொல்லிக்கொண்டே போனீர்கள்.

அந்த வெள்ளைக்காரன் திருகோணமலையில் ஒரு கடற்படை அதிகாரிக்குப் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவன். அரபு படித்தவன். பேரரசின் கடிதம் ஒன்றைக் கொண்டு பாலைவனத் தலைவர் ஒருவரிடம் போனவன், திரும்பி வரவில்லை. தலைவர் அரசரானதும் இவன் உத்தியோகத்தை எறிந்துவிட்டு அவருக்கு ஆலோசகனானான். யாரோடு சமாதானம், எந்தக் கிணறு எந்தக் கோத்திரத்துக்கு, வரைபடத்தில் கோடு எங்கே போகவேண்டும் என்று சொல்வது அவன் வேலை. நடுவில் மாதக் கணக்காக ஒட்டகத்தில் மணலுக்குள் போய்விடுவான். வெயிலை அளப்பான், பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தி அருங்காட்சியகத்துக்கு அனுப்புவான். அரசர் இறந்தபின் மகனுக்கு இவனைப் பிடிக்கவில்லை. ஒரு லொறியில் ஏற்றி, இவனே போட்ட கோட்டுக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில், வாடகை அறையில் செத்தான்.

"கெட்டிக்காரன், பிள்ளை. ஆனால் ஆலோசனை சொல்லத்தான் தெரியும். கேக்கத் தெரியாது" என்பீர்கள். அவனுடைய மனைவியின் கடிதங்கள் வந்த அத்தியாயத்தில் உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. "மனுசி பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு எழுதுது. இவர் பதிலுக்கு இண்டைக்கு வெயில் எத்தினை டிகிரி எண்டு எழுதிறார்."

"வீட்டிலை அக்கா மூண்டுதரம் ஃபோன் அடிச்சிட்டா. நீங்களும் இன்னும் ஒட்டகத்திலைதான் நிக்கிறியள்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த வசனத்தைச் சொன்னீர்கள்.

இடையில் யாராவது ஒரு ஜெர்மன் அன்ட்ராக்கைக் கொண்டுவந்து "அண்ணை, இதிலை எங்கை கையெழுத்து?" என்று நிற்பார்கள். விண்ணப்பத்தை வாங்கி நிரப்பிக் கொடுப்பீர்கள். பார்சல் பிரிக்கும் கூடத்தில் முப்பது வருடம் நின்ற நீங்கள் அந்த உணவறைக்கு ஆலோசகராக இருந்தீர்கள். உங்களுக்கு யார் ஆலோசனை சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் உங்களுக்கு விளையாட்டுக் குணம் வந்தது. "இந்தாளுக்கு ஆர் கல்வெட்டு அடிச்சவை? நாங்கள் அடிப்பம்." அவன் வாழ்க்கையை இரண்டு பக்கத்துக்குச் சுருக்கிக் கல்வெட்டு நடையிலேயே சொன்னீர்கள். அன்னார் திருகோணமலையில் அவதரித்து, அன்னார் பாலைவனம் கடந்து, அன்னார் அரசரின் அன்புக்குப் பாத்திரமாகி... பெயர் போடவில்லையே என்றதற்கு, "படத்துக்குக் கீழை பேர் வரும்தானே" என்றீர்கள். இருவரும் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் போனதும் உங்கள் மனைவி, அக்கா, வரலாறு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தா. மரண அறிவித்தலைப் பார்த்து அரைப் பக்கம் எழுதினேன். பிறந்த ஊர், தாய் தகப்பன், மனைவி, மக்கள், மருமக்கள். அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை. நாளைக்கு யோசிப்போம் என்று அந்த வெள்ளைக்காரனின் பக்கங்கள் இருந்த கோப்புறையிலேயே போட்டுவைத்தேன். அச்சகத்துக்காரர் வேலை நேரத்தில் அழைத்து இன்றைக்கே வேண்டும் என்றார். இடைவேளையில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் அனுப்பினேன். எதை அனுப்பினேன் என்று திறந்து பார்க்கவில்லை. 'அன்னார்' என்று தொடங்கியதால் அவரும் வாசிக்காமல் அடித்துவிட்டார்.

மண்டபத்தில் சாப்பாடு போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் பக்கத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்தது நாங்கள் விளையாட்டுக்கு அடித்த வெள்ளைக்காரனின் கல்வெட்டு. யாராவது எழுந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். உங்களோடு பார்சல் கூடத்தில் வேலை செய்தவர் வடையைக் கடித்துக்கொண்டே வாசித்தார். "அண்ணை ஒட்டகத்திலை போனவரோ? ஒருநாளும் வாய் திறக்கேல்லையே."

"அமைதியான மனுசன். உள்ளுக்கை எவ்வளவை வச்சிருந்திருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

நூற்றைம்பது பேர், அண்ணை. ஒருவராவது இது இவர் இல்லை என்று சொல்லவில்லை. அரசருக்கு ஆலோசகராக இருந்தீர்கள் என்றால் இருந்திருப்பீர்கள் என்று பாயசத்தைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம் வந்தது. என் அரைப் பக்கத்தை நினைத்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு அந்த அரைப் பக்கத்தோடு அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இதைத் திருத்தி அடித்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தா.

"இது ஆரின்ரை கல்வெட்டிலையும் இருக்கும், தங்கச்சி."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ அக்கா. நான் எழுதிறன்."

அவ கோப்பையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னா. "இஞ்சை வர முதல் வளைகுடாவிலை ரெண்டு வருஷம் தண்ணி பவுசர் லொறி ஓட்டினவர். பாலைவனத்துக்கை வேலை செய்யிற ஆக்களுக்குத் தண்ணி கொண்டுபோற வேலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்கை என்ன நடந்தது எண்டு கேட்டால் எழும்பிப் போயிடுவார். பிறகு சனிக்கிழமையிலை உங்களிட்டை வரத் தொடங்கினார். பாலைவனம் பாலைவனம் எண்டு கதைக்கினம், அங்கை சொல்லியிருப்பார் எண்டு நான் கேக்கிறதை விட்டிட்டன்."

"நான் உங்களிட்டைச் சொல்லியிருப்பார் எண்டு இருந்தன், அக்கா."

வெளியே டிராம் போனது. நீங்கள் அந்தப் புத்தகத்தை ஏன் முடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

நீங்கள் நிறுத்திய இடம் இது: தெற்கே தண்ணீர் இல்லை என்று வழிகாட்டி சொல்கிறான். வெள்ளைக்காரன் கேட்கவில்லை. கிணறு வறண்டு கிடக்கிறது. நடக்க முடியாத வழிகாட்டியை அதன் அருகில் இருத்தி, தண்ணீர் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஒட்டகத்தைத் திருப்புகிறான். அவனுடைய நாட்குறிப்பில் "வழிகாட்டி அங்கேயே தங்கினான்" என்று மட்டும் இருக்கிறதாம். கிணற்றின் ஆழம் இருக்கிறது, அன்றைய வெயில் இருக்கிறது, அந்த மனிதனின் பெயர் இல்லை. அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, "இதுக்கு மேலை இப்ப அடிக்காதையுங்கோ, பிள்ளை" என்றீர்கள். அடுத்த சனியும் வந்தீர்கள். அதற்கடுத்ததும். நான்கு சனிக்கிழமை அதே வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். ஐந்தாவது சனி ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்.

ஆதாரம் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். ஒரு முறை 'தங்கினான்' என்பதை நீங்கள் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மகளுக்கு வகுப்பு முடிந்துவிட்டது, வாறன் அண்ணை என்று பையை எடுத்தேன்.

அக்கா என் அரைப் பக்கத்தை மடித்துத் திருப்பித் தந்தா. "திருத்த வேண்டாம். ஆக்கள் வாசிச்சது வாசிச்சதாய் இருக்கட்டும்."

அதனால் உங்கள் வாழ்க்கை எங்கேயும் எழுதப்படவில்லை. என்னிடம் இருப்பது நான் கேட்காத ஒன்றுதான். இப்போது கேட்கிறேன், இனி யாருக்கும் பயனில்லை என்று தெரிந்தே. அந்த வளைகுடாப் பாலைவனத்தில் யாரை இருத்திவிட்டு வந்தீர்கள், அண்ணை? தண்ணீரோடு திரும்பிப் போனீர்களா?