நாற்காலித் தையல்

அன்புத் தங்கைக்கு,

காலையில் முதல் வேலையாக லவீனியாவின் கவுனில் மிச்சமிருந்த நூல்களைப் பிரித்தேன். இறந்தவர்களை அழைக்கும் கூட்டங்கள் நடக்கும் எங்கள் முகாமில் ஆவிகளோடு பேசும் பெண் அவள், வயது பதினாறு. கூட்டத்தின்போது திரைக்குப் பின்னால் அவள் எழுந்து ஏமாற்றிவிடாதபடி கவுனை நாற்காலியோடு சேர்த்துத் தைப்பது என் பொறுப்பு.

நேற்றிரவுக் கூட்டத்தின் இருட்டில் ஒரு கை என் கன்னத்தை வருடியது; ஒரு குரல் "அம்மா" என்றது. இறந்துபோன என் மகள் எடித்தே வந்துவிட்டாள் என்று கூடமே அழுதது. அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் இன்று நான் பிரித்த தையல் என்னுடையது அல்ல; இருட்டில் என் தையலை அவிழ்த்து எழுந்தவள், திரும்ப உட்கார்ந்து தானே தைத்துக்கொண்டது.

"என்ன மேடம், அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் லவீனியா, ரொட்டியைக் கடித்தபடி.

"என்னைவிட நல்லாத் தைக்கிறியேடி."

ரொட்டி அப்படியே நின்றது. "சொல்லிடுவீங்களா? எனக்குப் போக்கிடமே இல்லம்மா."

"முதல்ல சாப்பிடு."

மதியம் முகாமை நடத்தும் கமிட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அவளைத் துரத்துவார்கள். மாலை ரயிலில் அவளை நம் ஊருக்கு, எடித்தின் அறைக்கு அழைத்து வருவேன். அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் அக்கா