ஒன்பது கிலோமீட்டர் மிச்சம்

செவ்வாய், இரவு.

எங்கள் ஆபீஸ் பார்சல் வண்டிக்கு மேப் பார்த்து நான்தான் புதுவழி போட்டேன். ஒன்பது கிலோமீட்டர் மிச்சம். டிரைவர் மாதையன் அண்ணன் நம்பவில்லை. நிரூபிக்க நானும் ஏறிக்கொண்டேன். குறுக்குப்பாதை தக்காளித் தோட்டத்துக்குள் புகுந்து ஒரு வீட்டு வாசலில் முடிந்துவிட்டது. வெளியே வந்த அந்த வீட்டு அம்மாவைப் பார்த்ததும் சீட்டில் குனிந்துகொண்டேன். போன மாதம் மகனோடு என்னைப் பெண் பார்க்க வந்தவர். ஊர் தூரம் என்று சொல்லித் தட்டிக்கழித்திருந்தேன்.

"எங்க வூடு ரொம்ப தூரம்னீங்களே, எப்படிங்க வந்தீங்க?"

"குறுக்கு வழிங்க," என்றார் அண்ணன் பெருமையாக. "இந்தப் புள்ளதான் கண்டுபுடிச்சுது."

வண்டி திருப்ப இடமில்லை. அந்த அம்மாவின் மகன் வந்து ரிவர்ஸ் எடுக்கக் கை காட்டினார். ஒரு செடிகூட நசுங்கவில்லை. போன மாதம் நான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.