வாபஸ் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்பது வருடம் பேசாமல் இருந்தது போதும். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு அதே இடுப்பு வலி. என்னிடம் வேலை பழகியவர்கள் எல்லாம் மேலதிகாரி ஆகிவிட்டார்கள்; நான் மட்டும் இன்னும் மாநாடுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை மொழிபெயர்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ பேசிய சபையில், கூண்டுக்குள் இருந்தது நான்தான். பேசுவோர் பட்டியலில் உன் பெயர் இல்லை, உங்கள் தையல் தொழிலாளர் சங்கத்தின் பெயர் மட்டும் இருந்தது. வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாக்க நாடுகள் கூடி உடன்படிக்கை எழுதுவதெல்லாம் காபி குடித்துக் கலையத்தான் என்று பக்கத்திலிருந்த சகாவிடம் நக்கலடித்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் உன் குரல் வந்தது.

எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று விலகிக்கொள்ள முடியாது. பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் என்னைக் கிடங்கில் வைத்துக் கதவைச் சாத்தினார் என்றேன். புகார் கொடுத்தேன் என்றேன். வீட்டில் நன்றாகப் படித்த ஒருவர் வாபஸ் கடிதம் எழுதி, மானம் போகும், கையெழுத்துப் போடு என்றார்; போட்டேன் என்றேன். மைக்கை நிறுத்தும் பொத்தானை அழுத்திச் செருமிக்கொண்டேன். நான் பேசட்டுமா என்று சகா சைகை காட்டினார். வேண்டாம் என்றேன்.

நீ படிச்ச படிப்பு என் வாயை அடைக்கத்தானா அண்ணா என்று கையெழுத்துப் போட்ட அன்று கேட்டாய். அந்த ஒரு கேள்விக்காக, அம்மா இறந்த அன்றுகூட உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து அந்தக் கடிதத்தை எழுதியவர் பெயரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொன்னால் அதையும் என் வாயால் சொல்லியாக வேண்டும். நீ தண்ணீர் குடித்தாய். அவர் பெயர் வேண்டாம், மிரட்டி வாபஸ் வாங்க வைத்த புகார்களை மறுபடி எடுக்கச் சொல்லும் பிரிவுதான் உடன்படிக்கையில் வேண்டும் என்றாய்.

அந்தப் பிரிவை நீக்கவே பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். முதலில் ஒரு குட்டித் தீவு நாடு ஆதரவாகத் தன் பெயர்ப்பலகையைத் தூக்கியது. பிறகு வரிசை வரிசையாகப் பலகைகள். நம் வீட்டு முன்னறையில் நான் பேசவிடாத குரலுக்கு இத்தனை நாடுகள். என்னையறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன்; ஹெட்போன் ஒயர் இழுத்த பிறகுதான் தெரிந்தது.

பிரிவு நிலைத்து, நம் நாட்டிலும் சட்டமானால் உன் புகாரைத் திறப்பார்கள். கடிதம் எழுதியது யார் என்று கேட்டால் தயங்காமல் சொல். நானும் வந்து சொல்கிறேன்.

நன்றாக இரு. கீழே பெயர் எதுவும் போடாமல்தான் இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன். எழுத்து உனக்குத் தெரியும். 'அண்ணன்' என்று போடலாமா என்பதை நீ சொல்.