நடு ஆற்றில் நான்கு நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். மற்றபடி எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். நீ குழந்தையின் பல்லைப் பற்றிச் சொன்னாய், நான் குளியலறைக் குழாயைப் பற்றிச் சொன்னேன், பேச்சு முடிந்துவிட்டது. அதனால்தான் கடிதம்.

என்னை மாலைப் படகிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதறாதே, வேலை போகவில்லை. இனி காலையில் மட்டும் ஓட்ட வேண்டும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

மூன்று மாதமாக ஆறு மணிப் படகில் ஒரு வயலின் டீச்சர் வருகிறார். பள்ளிக்கூடம் முடிந்து அக்கரையில் உள்ள வீட்டுக்குப் போகிறவர். என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். மாடி வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் வீட்டில் வாசிக்க முடியவில்லையாம். மேல்தளத்தில், என் அறைக்குப் பின்னால் நின்று வாசிக்கலாமா என்று கேட்டார். யாருக்கும் தொந்தரவு இல்லையென்றால் சரி என்றேன்.

அவர் வாசிக்கிற மேல்நாட்டுச் சங்கீதம் எனக்கு ஒன்றும் தெரியாது. வார்த்தையே இல்லாத பாட்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் தனக்குக் கிடைக்காத பெண்ணை நினைத்து எழுதியதாம். முடியப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் முடியாது, இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டுத் திரும்பி வரும். இது சந்தோஷமா துக்கமா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "அதைக் கண்டுபிடிக்கத்தான் முப்பது வருஷமா வாசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

இருபத்தாறு வருஷமாக அந்த நேரத்துச் சூரியன் எனக்கு வெறும் கண்கூச்சம்தான். கறுப்புத் திரையை இறக்கிவிட்டு மிதவைகளைப் பார்த்து ஓட்டுவேன். போன மாதம் ஒருநாள் திரையை இறக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம், அதன் மேல் ஊதாவாக ஒரு கோடு. படகு போகப் போக அந்தக் கோடும் தள்ளித் தள்ளிப் போனது. பின்னால் பாட்டின் மெதுவான பகுதி, எஞ்சின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. கை தானாகப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டது.

நான்கு நிமிடம். அறுபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். படகு நீரோட்டத்தில் மெல்லத் திரும்பி, முன்கண்ணாடியில் இருந்த சூரியன் இடது ஜன்னலுக்கு வந்தது. மெக்கானிக் பதறிப்போய் மேலே ஏறி வந்து என்னைப் பார்த்துத் திகைத்து நின்றபோதுதான் என் முகம் நனைந்திருப்பது தெரிந்தது. பாட்டு முடிந்ததும் எஞ்சினைப் போட்டேன். இறங்கும்போது டீச்சர் எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படகில் இரவு டூட்டிக்குப் போகும் ஒரு நர்ஸ் இருந்தார். என்னால் பஸ்ஸைத் தவறவிட்டு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறார். அதுவரை இன்னொரு நர்ஸ் காய்ச்சலோடு வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். புகார் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆபீஸில் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எஞ்சின் சூடு என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் மெக்கானிக். எழுதவும் எழுதினேன். படித்துப் பார்த்தால் அன்று ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, பாட்டுக் கேட்பதற்காக நிறுத்தினேன், தவறுதான் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கும்போது உங்களுக்கு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

உன் அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. அதில் உனக்கு மனத்தாங்கல் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த அழுகைதான் இவ்வளவு நாள் கழித்து வந்ததா? அவளுக்காக அழுதேன் என்றால், மறுநாள் வேலைக்குப் போகும் முன் சட்டையை ஏன் அவ்வளவு பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்டேன்? இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கிறது? அம்மாவின் போட்டோ முன்னால் நின்று பார்த்தேன். அவள் எப்போதும் போலத்தான் பார்க்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே படகில் பயணியாகப் போனேன். படகில் வாசிக்கக் கூடாது என்று இப்போது உத்தரவு போட்டிருக்கிறார்கள். டீச்சர் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் சூடாகவில்லை என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம் போகிறவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும். பாட்டு முடியிற வரைக்கும் காத்திருந்துட்டு ஓடுற எஞ்சின் எங்கயாவது இருக்கா?" என்றார்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவருடைய கச்சேரி. இரண்டு சீட்டுக் கொடுத்தார். ஒன்று எனக்கு, இன்னொன்று உனக்காம். உன்னைப் பற்றி அவரிடம் எப்போது பேசினேன் என்று ஞாபகமில்லை. நிறையப் பேசியிருப்பேன் போலிருக்கிறது.

உன் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உனக்கு லீவு கிடைக்காது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எல்லாம் தெரியும். வர முடியாவிட்டால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் பதிலுக்கு ஒரு வரி எழுது. "போயிட்டு வாங்கப்பா" என்று மட்டும் இருந்தால்கூடப் போதும். அது இல்லாமல் என்னால் அந்தக் கச்சேரி மண்டபத்தின் வாசற்படி ஏற முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அம்மா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா