பாறை மேட்டில் உச்சி வெயில்

ஜூலை 12

முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு மாலை வேலை. ஏரிக்குப் பகலில்தான் போக முடிகிறது. என் வீட்டுக்காரர் ஓரினுக்கு அது கேலி. “வெயில் ஆகாத மீனை வெயில்ல தேடிப் போற பொம்பளை இந்த மினசோட்டாவிலேயே நீ ஒருத்திதான்!”

சிரிக்கட்டும். போன வாரம் பக்கத்து வீட்டு லைல் தன் படகில் கூட்டிப்போய் ஓர் இடம் காட்டினார். நடு ஏரியில், முப்பது அடிக்கும் கீழே, ஒரு பாறை மேடு. கோடைப் பகலில் வால்ஐ மீன் வெளிச்சத்துக்குப் பயந்து அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கிறது. தூண்டிலில் இரையாக அட்டைப்பூச்சியைக் கோத்து, ஈயக்குண்டு அடியைத் தொடும்வரை விட்டு, மெல்ல இழுக்க வேண்டும்.

“ஒண்ணு மட்டும், வெர்னா. சாப்பாட்டுக்குப் பிடி, திரும்பிடு. பிடிச்சுப் பிடிச்சு விடுற விளையாட்டு இங்க வேண்டாம். அவ்வளவு ஆழத்துலேர்ந்து மேல வந்தது பிழைக்காது.”

மனைவி இறந்தபிறகு அவர் வேறு யாரையும் அங்கே கூட்டிப்போனதில்லையாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூலை 17

கொழுந்தன் டுவெய்ன் வந்திருக்கிறான், புதுப் படகோடு. சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டான். “பகல்ல வால்ஐயா? கடையில வாங்கிட்டு வந்து கதை விடுறீங்களா அண்ணி?” ஓரினும் சேர்ந்து சிரித்தார்.

நாளைக்குக் காட்டுகிறேன்.

ஜூலை 18

காட்டினேன்.

பாறை மேட்டில் தூண்டில் போட்ட உடனே இழுத்தது. குழம்புக்கும் வறுவலுக்கும் போதுமானது சீக்கிரமே கிடைத்துவிட்டது. திரும்பியிருக்கலாம். “இன்னும் ஒண்ணு அண்ணி, போட்டோவுக்கு!” என்றான். அப்புறம் இன்னும் ஒன்று. பெரிதாக ஏற ஏற “அண்ணின்னா அண்ணிதான்!” என்று கத்தினான். அது எனக்கு இனித்தது. வேறு எப்படி எழுதுவது? இனித்தது.

விட்ட மீன்கள் கீழே போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு உப்பி, மேலேயே மிதந்தன. ஒன்றைத் துடுப்பால் அழுத்தித் தள்ளினேன். மறுபடி மேலே வந்தது. கடற்புறாக்கள் இறங்கிவிட்டன. டுவெய்ன் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த அட்டையைக் கோத்தேன்.

ஜூலை 19

ஓரின் விடியலிலேயே லாரியோடு டகோட்டா பக்கம் போய்விட்டார். டுவெய்னும் கிளம்பிவிட்டான்.

இரவு அடித்த காற்று எல்லாவற்றையும் எங்கள் கரைக்கே கொண்டுவந்துவிட்டது. லைலின் படகுத்துறையைச் சுற்றி வெள்ளை வயிறுகள். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். நானும் இறங்கி அள்ளினேன்.

“பூரா முட்டையிடுற பெரிய பொட்டைங்க. எவனுக்குய்யா மனசு வந்தது?”

வாயைத் திறந்தேன். “நாத்தம் தாங்கல,” என்றேன்.

சீ.

ஜூலை 20

செயின்ட் பால் நகரத்திலிருந்து வந்து ஏரிக்கரை விடுதியில் தங்கியிருக்கும் ஹ்மாங் குடும்பம்தான், லாவோஸிலிருந்து குடியேறியவர்கள்தான் இதைச் செய்தது என்று லைல் முடிவே கட்டிவிட்டார். “நான் போற இடத்தை வேவு பாத்திருக்காங்க.” விறுவிறுவென்று நடந்தார். நானும் பின்னால் போனேன். தடுக்கவா? தெரியவில்லை.

நெங் லோர் என்பவர், என் வயதுதான் இருக்கும், விடுதியின் படகுத்துறையில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“எங்ககிட்ட படகே இல்லைங்க. இந்தத் துறையிலேர்ந்துதான் போடுறோம்.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க!”

அவர் மனைவி சோற்றுப் பானையை மூடி உள்ளே எடுத்துப்போனார். லைல் திரும்பும்போது என் தோளைத் தட்டினார், நான் அவர் கட்சி என்பதுபோல. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

மாலையில் கேள்விப்பட்டேன். விடுதிக்காரர் அவர்களிடம், “அக்கம்பக்கத்துல சங்கடம் வேண்டாம், நாளைக்குக் காலி பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டாராம்.

ஜூலை 21

டுவெய்னுக்குப் போன் போட்டேன். “மீன்தானே, விடுங்க அண்ணி. அவங்க எப்படியும் ஊருக்குப் போறவங்கதானே.” கேட்க வசதியாகத்தான் இருந்தது. அதனாலேயே போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

லைல் வீட்டுக் கதவைத் தட்டி, “என்கூட வாங்க, எதுவும் கேட்காதீங்க” என்றேன். விடுதி வாசலில் நெங் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கேயே, இருவர் முன்னாலும் —

“நான்தான், லைல். நானும் டுவெய்னும். அதுங்க சாவுறது தெரிஞ்சேதான் பிடிச்சேன்.”

லைல் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவேயில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெங்கிடம் போனார். “தப்புப் பண்ணிட்டேன். இருங்க, போகாதீங்க. விடுதிக்காரர்கிட்ட நான் பேசுறேன்.”

நெங் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். “நேத்து நீங்களும் இங்கதானே நின்னீங்க?”

ஆமாம். நின்றேன்.

அவர்கள் தங்கவில்லை.

ஜூலை 30

லைல் துறையில் இருந்தால் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை. அவரும் கையசைப்பதில்லை. தூண்டில் சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது.

ஆகஸ்ட் 16

லைல் வீட்டு முன்னால் அந்தக் கார் நிற்கிறது. செயின்ட் பாலுக்கு அவரே போய்க் கூப்பிட்டாராம், இந்த முறை அவர் வீட்டிலேயே தங்கச் சொல்லி.

உச்சி வெயிலில் படகு கிளம்பிற்று. முன் இருக்கையில் நெங்.

ஓரின் காபியோடு ஜன்னலருகே நின்றார். “லைல் படகுல யாரு அது? உன்னைக் கூப்பிடலையா?”

“நெங் லோர்.”

“எந்த நெங்?”

அந்த மீன்களைச் சாப்பிட்டவர், அண்ணியின் திறமையைத் தம்பி புகழக் கேட்டு மகிழ்ந்தவர். நடந்ததை ஓரினிடம் மட்டும் நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

“உட்காருங்க,” என்றேன்.